கைமாற்று

பாம்பனில், ஐஸ் கம்பெனிக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே
பத்துக்குப் பன்னிரண்டில் என் ரத்தப் பரிசோதனைக்கூடம்.
கச்சான் அடிக்கும் மாதங்களில்
கண்ணாடித் தகட்டிலும் உப்புப் பூக்கும்.

டாக்டர் சீட்டில் இன்னும் பழைய பெயர், எஸ்ஜிபிடி.
இயந்திரம் அச்சடிப்பது புதுப்பெயர், ஏஎல்டி.
யாரும் கேட்காத மூன்றாவது ஒன்றை
நானே பென்சிலில் ஓரமாய் எழுதிவைப்பேன்:
இரண்டு, ஆறு, ஒன்று, இரண்டு.

முதல் இரண்டு, வகுப்பு.
இடமாற்று நொதிகள் என்கிறது பாடநூல்.
எனக்கு அது கைமாற்று.
வட்டி இல்லை, பத்திரம் இல்லை,
ஒரு மூலக்கூறிடம் வாங்கி
இன்னொன்றிடம் கொடுத்துவிட்டு
வெறுங்கையோடு அடுத்ததற்குக் காத்து நிற்பது.

அதற்கடுத்த எண்ணில்தான் எனக்குத் தீராத வியப்பு.
கொடுத்தவன் எவன் என்று அது கேட்பதில்லை.
கைமாறியது என்ன?
ஒற்றைக் கரி என்றால் ஒன்று.
சர்க்கரை நான்கு, நைட்ரஜன் ஆறு.
பாஸ்பரஸ் ஏழு, அங்கே ஏலக்கூடம் மாதிரிக் கூட்டம்.
ஒன்பதில் செலினியம்,
அலை ஏறினால் காணாமல் போகும் மணல்தீடை அளவு.
மூன்றையும் ஐந்தையும் தேர்விலேயே மாற்றி எழுதினேன்,
இன்றும் குழப்பம்தான்.
பிறப்பைக் கேட்டுத் தெரு பிரிக்கிற ஊர்களைப் பார்த்தவளுக்கு
சரக்கைக் கேட்டுப் பிரிக்கிற இந்தக் கணக்கு
கொஞ்சம் ஆறுதல்.

புதன்கிழமை பூமயில் வந்தாள்,
விரல்களில் ஈரத்துணி சுற்றியபடி,
பாசி வாடையோடு.
பக்கத்து வீட்டு நம்புராஜனைக் கூட்டி வந்திருந்தாள்.
அவர் கண்ணிரண்டும் மஞ்சள்.
பின்னால் அவர் மனைவி, சேலை முந்தியைப் பிசைந்துகொண்டு.

ஆயிரத்து நூற்று நாற்பது.
நாற்பதுக்குள் இருக்க வேண்டியது.
ஈரல் செல்லுக்குள் இருந்து
அலனினிடம் வாங்கிக் கொடுக்க வேண்டிய நொதி
சுவர் இடிந்து ரத்தத்தில் மிதக்கிறது.
கரை ஒதுங்கிய பலகையை எண்ணி
படகுக்கு என்ன ஆனது என்று சொல்கிற வேலை என்னுடையது.

"சங்க அட்டையில போடணுமாம்,
என் ரத்தம் என்னன்னு பாரு" என்றாள் பூமயில்.
பார்த்தேன்.
"ஓ-ன்னா, சைபரா?"

சைபர் இல்லை.
ஏ-காரர்களுக்கு ஒரு நொதி,
செல்லின் மேல் ஒரு சர்க்கரையை ஒட்டும்.
பி-காரர்களுக்கு வேறு சர்க்கரை.
இரண்டு நொதிக்கும் நாலே நாலு கண்ணிதான் வித்தியாசம்.
உனக்கு ஓர் எழுத்து விடுபட்டு
நொதி பாதியிலேயே நின்றுவிட்டது.
எதையும் ஒட்டாது.
பி-யில் ஒட்டுகிற சர்க்கரை இருக்கிறதே,
நீ முங்கிப் பறிக்கிற மரிக்கொழுந்துப் பாசியிலும் அதுதான்.

"அப்ப பாரஸ்டுக்காரன்
பி-காரங்களையும் சேத்துப் பிடிக்கட்டும்."
நம்புராஜன்கூடச் சிரித்தார்,
சிரித்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

அறுநூற்றைம்பது ரூபாய்.
அவர் மனைவியின் முந்தியில் நானூறுதான்.
பூமயில் இடுப்பிலிருந்து எடுத்தாள்
இருநூற்றைம்பது, கடல் நனைத்தது.
"கைமாத்துதான். கொண்டல் திரும்புனதும் குடு."
நோட்டு அவள் கையிலிருந்து
இவள் கைக்குப் போய்
என் கைக்கு வந்தது.
இன்குபேட்டர் மேல் விரித்துக் காயவைத்தேன்.
முப்பத்தேழு டிகிரி, ரத்தத்தின் சூடு.

அவர்கள் போன பின்
பென்சிலை எடுத்துவிட்டு யோசித்தேன்.
கொடுத்தவள் எழுதலாம், வாங்கியவள் எழுதலாம்.
கைமாறியது இருநூற்றைம்பது என்று எழுதினால்
தப்பில்லை, ஆனால் எங்கோ குறைகிறது.
மிச்சம் எந்த எண்ணில் வரும்?
பத்து வரைக்கும்தான் இருக்கிறது பட்டியல்.

நோட்டின் ஓரத்தில் உப்பு வெளுத்திருந்தது.
அடுத்த ஆள்
சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு
நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.